பாராட்டு விழாவுக்கு முன் ஒரு டீ

"அண்ணாச்சி, நம்ம சுபேதார் சாப்புக்கு ஒரு பாராட்டு விழா வைக்கணும். தலாவ் பாளி பக்கத்துல ஹால் பார்த்தாச்சு. நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும்." தாணேயில் எங்கள் சொசைட்டி கமிட்டியில் இருக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தார். நல்ல எண்ணம்தான். உட்காரச் சொல்லி, டீ போடச் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன். அவர் என்ன செய்கிறார் என்று மேடையில் சொல்வீர்கள்?

"முன்னாள் ராணுவத்தினருக்கு உதவி பண்றாரு. பதினைந்து வருஷமா."

உதவி என்றால் என்ன உதவி? தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அவர் குற்றமும் இல்லை. தாணே, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என்று இந்த ரயில் பாதை நெடுக முன்னாள் ராணுவத்தினர் குடியிருக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஏடிஎம் வாசலில் காவலாளியாக, பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேனாக, தொழிற்சாலை செக்யூரிட்டியாக அவர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்கள் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் காகிதக் கட்டைப் பார்த்தவர்கள் குறைவு. சுபேதாரின் வேலை அந்தக் காகிதக் கட்டோடுதான். அன்று தம்பிக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். இந்தத் தொண்டு புரிந்தால்தான் தொண்டரை மதிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. நம் ராணுவத்தில் சிப்பாய் என்பவர் 35, 40 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார். படை இளமையாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள். மற்ற அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயதுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே, புது வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். அதுவரை சாப்பாடு, உடுப்பு, மருத்துவம், குடியிருப்பு எல்லாவற்றையும் யூனிட் பார்த்துக்கொண்டது. விடுப்புக்கு மனு எழுதுவதைக்கூட யூனிட் கிளார்க் சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்த மறுநாள் முதல் எல்லாவற்றுக்கும் அவரே மனு எழுத வேண்டும்.

எங்கே எழுதுவது? மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் ஆவணங்கள் நீலகிரியில், வெலிங்டனில். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இயந்திரப் பொறியியல் பிரிவான இ.எம்.இ. என்றால் செகந்தராபாத். பென்ஷன் ஆணை வருவது பிரயாக்ராஜிலிருந்து. மருத்துவத்துக்கு 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம், அதற்குத் தனி அட்டை, தனிப் பதிவு. மாநில அரசு தரும் உதவிகளுக்கு மாவட்டத்தில் இருக்கும் சைனிக் கல்யாண் கார்யாலயம். பிறந்த ஊர் தூத்துக்குடி, பதிவும் அங்கே, வாழ்வது தாணேயில் என்றால், இங்கே எதையும் கேட்பதற்கு முன் அந்தப் பதிவை மாற்றியாக வேண்டும்.

அவர் உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் எப்படியோ ஓடிவிடும். இறந்த பிறகு அவர் மனைவி இந்தக் கட்டைத் திறக்கிறார். அங்கேதான் சுபேதாரின் தேவை தொடங்குகிறது.

படையில் ஒருவர் திருமணம் செய்தால், குழந்தை பிறந்தால், அந்தச் செய்தி 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணையில் ஏற வேண்டும். மனைவியின் பெயர் அங்கே எப்படி எழுதப்பட்டதோ அதுதான் ராணுவத்துக்குத் தெரிந்த மனைவி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடநாட்டில் எங்கோ ஒரு முகாமில், தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி 'முத்துலட்சுமி'யை எழுதினார். ஆதாரில் 'முத்து' தனியாக, 'லட்சுமி' தனியாக, பின்னால் ஓர் இனிஷியல். வங்கிக் கணக்கில் இங்குள்ள வழக்கப்படி கணவர் பெயர் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். நமக்கு இனிஷியல்தான் உண்டு. இங்கே எந்தக் கவுண்டரில் நின்றாலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டு வந்திருப்போம். மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். குடும்ப ஓய்வூதியம் நின்றுபோக இவ்வளவு போதும். பிரமாணப் பத்திரம், பள்ளிச் சான்று, இருவரும் ஒருவரே என்று சான்றளிக்கும் கடிதம் எல்லாம் தயாரித்து, சரியான ஆவண அலுவலகத்துக்கு, சரியான படை எண்ணோடு அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் சுபேதார் செய்யும் 'உதவி'. இதற்கு வீரம் வேண்டாம் என்று தோன்றும். ஒரே குடும்பத்துக்காக மாதக்கணக்கில் அலுக்காமல் கடிதம் எழுதிப் பாருங்கள், தெரியும்.

மரணம் எப்படிப் பதிவானது என்பதும் பெரிய விஷயம். பணியோடு தொடர்பில்லாத சாவு என்றால் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியால் நேர்ந்தது என்றால் 60 சதவீதம். போர்க்களச் சாவு போன்றவை என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும். அதே குடும்பம், அதே வாடகை வீடு, அதே பிள்ளைகள். அறிக்கையில் இருக்கும் ஒரு வரிதான் 30-ஐயும் 60-ஐயும் பிரிக்கிறது.

ஊனமுற்ற வீரரின் கதை இன்னும் சிக்கலானது. இங்கே தம்பி கையிலிருந்த டீயை வைத்துவிட்டு, "கவர்மென்ட்தான் பென்ஷன் கொடுக்குதே அண்ணாச்சி" என்றார். கொடுக்கிறது. எப்படிக் கொடுக்கிறது என்று பார்ப்போம்.

படையிலிருந்து வெளியேறும்போது மருத்துவ வாரியம் உட்காரும். அது இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதும். உடலில் எத்தனை சதவீதம் பாதிப்பு? அந்தப் பாதிப்பு ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் கூடியதா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் முதல் கேள்வியில் எத்தனை சதவீதம் இருந்தாலும் பணம் கிடையாது. முழு உடலோடு, எல்லாச் சோதனையும் தேறி, பதினெட்டு வயதில் சேர்ந்தவன் பனியிலும் பாலைவனத்திலும் காவல் நின்று நோயாளியாகத் திரும்புகிறான். நோய் பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்று எழுதி அனுப்புகிறார்கள். சிக்னல்ஸ் படையைச் சேர்ந்த தரம்வீர் சிங் என்ற வீரருக்கு இதுதான் நடந்தது. 1985-ல் சேர்ந்தவர், வலிப்பு நோய் என்று 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார், பாதிப்பு 20 சதவீதம், பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது வாரியம். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அவர் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். அப்படியில்லை என்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியது படைதான், சிப்பாய் அல்ல. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் இன்று எத்தனையோ பேர் தங்கள் உரிமையைக் கேட்கிறார்கள்.

அடுத்தது சதவீதக் கணக்கு. நூறு சதவீத பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பழைய விதி. சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்கு 12,000. பாதிப்பு 20 சதவீதம் என்றால் 2,400. ஆனால் ஐம்பதுக்குக் கீழே இருப்பதை ஐம்பதாகவும், அதற்கு மேல் 75 வரை இருப்பதை எழுபத்தைந்தாகவும், அதற்கும் மேல் இருப்பதை நூறாகவும் கொள்ள வேண்டும் என்று 1996 முதல் ஒரு சலுகை உண்டு. அப்படிக் கணக்கிட்டால் 2,400 என்பது 6,000 ஆகிறது. முதலில் இதை உடல்நிலை காரணமாக இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பணிக்காலத்தை முடித்து வந்தவருக்கும் பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் விதிகளையே மாற்றி எழுதினார்கள்; அதற்குப் பின் வருகிறவர்களுக்கு வேறு விதி. முன்னால் வந்தவர் கேட்டால் ஒரு பதில், பின்னால் வந்தவர் கேட்டால் வேறு பதில். இரண்டையும் சுபேதார் படித்து வைத்திருக்க வேண்டும். தவறாகச் சொன்னால் ஒருவர் வீணாக வழக்குக்குப் போவார்; அல்லது கிடைக்க வேண்டியதைக் கேட்காமலே இருந்துவிடுவார். மும்பையிலேயே ராணுவத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

இந்தக் கணக்கைத் தம்பி பில் காகிதத்தின் பின்புறம் எழுதிக்கொண்டார். மேடையில் பேச இதுவே போதும். ஆனால் மும்பைக்காரர்களான நமக்கு இந்தத் தொண்டில் ஒரு பழைய உறவு இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் கை கால் இழந்த இந்தியச் சிப்பாய்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது பம்பாய்த் துறைமுகத்தில்தான். ஆஸ்பத்திரி காயத்தை ஆற்றிவிடும். பிறகு ஒற்றைக் கையோடு பஞ்சாபுக்கோ கொங்கணத்துக்கோ திரும்பி என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க, கவர்னரின் மனைவி லேடி வில்லிங்டன் 1917-ல் பம்பாயில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிறகு அது புனேயை அடுத்த கட்கிக்கு இடம் மாறி, குயின் மேரி தொழில்நுட்ப நிலையம் என்ற பெயரில் நூறாண்டைக் கடந்து இயங்குகிறது. செயற்கைக் கால் பொருத்தும் மையமும் புனேயில் 1944-ல் வந்தது.

அதே 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊரில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களுக்காக ஒரு பிரிவைத் திறந்தார். ஹிட்லருக்குத் தப்பி 1939-ல் ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த யூதர் அவர். அப்படி அடிபட்டவர்கள் சில மாதங்களில் படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் செத்துப்போவார்கள் என்று மருத்துவ உலகம் கைவிட்டிருந்த காலம். குட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படையினர் அங்கே அம்பு எய்தார்கள். பாராலிம்பிக் பிறந்தது அப்படித்தான். காயம்பட்ட படையினருக்காகப் பிறந்த போட்டி அது.

அந்தப் போட்டியில் தனிநபராக இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் மகாராஷ்டிரக்காரர், சாங்லி மாவட்டத்துச் சிப்பாய் முரளிகாந்த் பெட்கர். இ.எம்.இ. பிரிவில் இருந்தவர், குத்துச்சண்டை வீரர். 1965 போரில் சியால்கோட் பகுதியில் குண்டுகள் பாய்ந்தன. ஒன்று முதுகுத்தண்டில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. கொலாபாவில் இருக்கும் கடற்படை மருத்துவமனை அஸ்வினியில் சிகிச்சை. உடற்பயிற்சிக்காகத் தண்ணீரில் இறங்கியவர் நீச்சல்காரராக மாறினார். 1972 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். அபினவ் பிந்திராவின் ஒலிம்பிக் தங்கத்துக்கு 36 ஆண்டுகள் முன்பு. 2024-ல் அவர் வாழ்க்கை 'சந்து சாம்பியன்' என்று இந்தியில் படமாக வந்தது; தம்பி பார்த்திருக்கிறார்.

அவர் ஜெர்மனிக்குப் போக டிக்கெட் பணம் யார் கொடுத்தார்? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

விஜய் மெர்ச்சண்ட். பம்பாயின் பெரிய ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை, 1911-ல் பிறந்தவர். முதல்தர கிரிக்கெட்டில் அவர் சராசரி 71.64, நீண்ட காலம் ஆடியவர்களில் பிராட்மனுக்கு அடுத்த இடம் அதுதான். காந்தியும் மற்றத் தலைவர்களும் சிறையில் இருக்கிறார்கள் என்று 1932-ல் இங்கிலாந்துப் பயணத்தையே வேண்டாம் என்று ஒதுக்கியவர். 1971-ல் தேர்வுக் குழுத் தலைவராக, பட்டோடிக்குப் பதில் அஜித் வாடேகரைக் கேப்டனாக்கிய வாக்கு அவருடையது. நம் அப்பா தலைமுறைக்கு விவித் பாரதியில் அவர் குரலும் பழக்கம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த மெர்ச்சண்ட்.

மட்டையை வைத்த பிறகு அவர் காலத்தின் பெரும்பகுதி கண் தெரியாதவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் போனது. செம்பூரில் இன்றும் இயங்கும் நேசியோ என்ற அமைப்பை, ஊனமுற்றோருக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்பதற்காக 1968-ல் தொடங்கப்பட்டதை, முன்னின்று வளர்த்தவர் அவர். காயம்பட்ட ராணுவத்தினருக்கு அவர் அமைப்பு உதவியது. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகத் தனக்குப் பணம் கிடைத்தது அங்கிருந்துதான் என்று பெட்கர் பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். போரில் அடிபட்ட சிப்பாய் நாட்டுக்காக நீந்தப் போக ஒரு தனி மனிதரின் தொண்டு வேண்டியிருந்தது.

வாங்கடே மைதானத்தில் மெர்ச்சண்ட் பெயரில் பார்வையாளர் மாடம் இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்கள் ஆடும் தேசியப் போட்டிக்கு விஜய் மெர்ச்சண்ட் கோப்பை என்று பெயர். இரண்டும் அவர் அடித்த ரன்களுக்கான மரியாதை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாங்கிக்கொடுத்த டிக்கெட்டை நினைவில் வைத்திருப்பது பெட்கர் போன்ற பயன் பெற்றவர்கள் மட்டும்தான். என் கணிப்பில் அந்த டிக்கெட் 71.64-ஐ விடப் பெரியது. பெட்கருக்கே பத்மஸ்ரீ வந்தது 2018-ல், தங்கம் வென்று 46 ஆண்டுகள் கழித்து.

தொண்டுக்கு வந்த தலைவர்களில் இரண்டு வகை பார்க்கிறேன். மெர்ச்சண்ட் போல வெளியிலிருந்து வருபவர்கள் ஒரு வகை. தாமே காயம்பட்டோ, தாமே படையில் இருந்தோ வருபவர்கள் இன்னொரு வகை. ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். முன்னாள் வீரர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்று 1964-ல் இந்திய முன்னாள் படைவீரர் லீகைத் தொடங்கினார். அவர் ஓய்வு பெற்ற தேதிதான் இன்று முன்னாள் படைவீரர் தினம். பம்பாயில் பிறந்த இயன் கார்டோசோ 1971 போரில் கண்ணிவெடியை மிதித்தார். நைந்துபோன காலைத் தன் கூர்க்கா குக்ரியால் தானே வெட்டியெடுத்தார். பிறகு செயற்கைக் காலோடு போராடி, ஒரு பட்டாலியனையும் பிரிகேடையும் வழிநடத்தினார்; போரில் ஊனமுற்ற அதிகாரி ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அந்தக் குக்ரிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக உழைத்ததையும், 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் தலைவராக இருந்ததையும் சொல்பவர்கள் குறைவு. கார்கில் போரில் கால் இழந்த மேஜர் டி.பி. சிங், செயற்கைக் காலில் ஓடுவதோடு நிற்காமல், கை கால் இழந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள 2011-ல் ஒரு குழு தொடங்கினார். புதிதாகக் கால் போனவனிடம் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று டாக்டர் சொல்வதும், கால் இல்லாமல் பல கிலோமீட்டர் ஓடியவன் சொல்வதும் ஒன்றாகாது.

நம் சுபேதார் இரண்டாம் வகை. அவருக்குப் படையின் மொழி தெரியும். ஆவண அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தக் காகிதம் இல்லாமல் பேசவே கூடாது என்பது தெரியும். மராத்தியும் இந்தியும் தமிழும் தெரியும். அவருக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. அவருக்குப் பிறகு இதைச் செய்ய ஆள் இல்லை.

ஆகவே தம்பியிடம் என் யோசனையைச் சொன்னேன். ஷால், ஸ்ரீஃபள் என்ற தேங்காய் கொடுங்கள். இந்த ஊர் மரியாதை அது, விட வேண்டாம். தலைவர்கள் பேச்சைக் குறையுங்கள். அவரால் பென்ஷன் பெற்ற பெண்களில் விருப்பமுள்ள ஒருவர் இரண்டு நிமிடம் பேசட்டும். நினைவுப் பரிசுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஸ்கேனரும் பிரிண்டரும் வாங்கிக் கொடுங்கள். இப்போது ஜெராக்ஸ் கடைக்கும் தபாலுக்கும் அவர் தன் பென்ஷனிலிருந்து செலவழிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் வேலை செய்யத் தெரிந்த இரண்டு இளைஞர்களை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரிடம் அனுப்புவதாக மேடையிலேயே பெயர் சொல்லி அறிவியுங்கள். அவருக்கு விதி தெரியும், பிள்ளைகளுக்குக் கணினி தெரியும்.

தேதி? தம்பி டிசம்பர் 7 கொடி நாளைச் சொன்னார்; 1949 முதல் அந்த நாளில் கொடி விற்று நிதி திரட்டுகிறார்கள். ஜனவரி 14-உம் பொருத்தம்தான், ஆனால் அது நமக்குப் பொங்கல் நேரம், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். நான் நவம்பர் முதல் ஞாயிறு என்றேன். பென்ஷன்காரர்களில் பெரும்பாலோர் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து கருவியில் பதியாது. முகத்தைக் காட்டியும் பதியலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஹாலின் ஒரு பக்கம் நான்கு மேசை போட்டு, நான்கு போன்களோடு பிள்ளைகளை உட்கார வைத்தால், விழாவுக்கு வந்த எல்லோரும் சான்றைப் பதிந்துவிட்டுப் போகலாம். அழைப்பிதழின் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: பென்ஷன் ஆணை, டிஸ்சார்ஜ் புக், ஆதார், வங்கிப் புத்தகம், இ.சி.எச்.எஸ். அட்டை எல்லாவற்றையும் கொண்டு வரவும். மனைவியையும் அழைத்து வரவும், பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடலாம்.